விழித்துக் கிடக்கிறாயா? கேள்!

"என் உடம்புவாகு அப்படி."

"எனக்கு ஜெட் லேக் ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாது."

"போய் இறங்கினால் ஒரு வாரத்துக்கு நான் எதற்கும் லாயக்கில்லை."

யார் சொன்னது? விமானம் ஏறும் முன்பே உன் தோல்விக்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாயே!

விசாவுக்காக எத்தனை மாதம் அலைந்தாய்? கல்விக் கடனுக்காக எத்தனை முறை வங்கிப் படி ஏறினாய்? பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்று ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதுமாய் எத்தனை இரவு போராடினாய்?

அந்தப் பெட்டிக்குக் கொடுத்த அக்கறையில் பாதியையாவது உன் உடம்புக்குக் கொடுத்தாயா?

இல்லை! ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து திட்டம் போடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் முதல் மீட்டிங்கிலேயே கண் சொருகுகிறது என்றால், பழியை மட்டும் உடம்பின் தலையில் போடுகிறாய்.

போதும்! சாக்குகளை இன்றோடு நிறுத்து.

உன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். தெரியாத ஒன்றுக்குத்தான் மனிதன் பயப்படுகிறான்.

இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடியில், சின்னஞ்சிறு நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. மொத்தமே சுமார் 20,000 நரம்பணுக்கள்.

எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது விழிப்பு வர வேண்டும், எப்போது உடல் சூடு இறங்க வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். உன் உடல் கடிகாரம்!

சென்னையில் நீ விமானம் ஏறினாய். அதுவும் உன்னோடு ஏறியது. நீ கலிபோர்னியாவில் இறங்கிவிட்டாய். அது இன்னும் சென்னை நேரத்திலேயே நிற்கிறது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 1729-இல் த மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு செடியைக் கொண்டுபோய் இருட்டில் வைத்தார். பகலில் இலை விரித்து இரவில் மடிக்கும் செடி அது. சூரியனையே பார்க்காமல், இருட்டிலும் அது வேளை தவறாமல் விரித்தது, மடித்தது!

பழ ஈயின் உயிரணுவுக்குள்ளும் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுசொன்ன ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

செடிக்கு இருக்கிறது. ஈக்கு இருக்கிறது. உனக்கு இருக்காதா? உனக்கு மட்டும் வந்த குறை என்று இதை இனி ஒருமுறையும் சொல்லாதே!

"அப்படியானால் மன உறுதியோடு படுத்துத் தூங்கிவிடுகிறேன்" என்கிறாயா?

முடியாது! தூங்கியே தீர வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தவன் யாராவது தூங்கியிருக்கிறானா? எவ்வளவு அழுத்துகிறாயோ அவ்வளவு தூரம் தூக்கம் ஓடும்.

திருவாரூர்த் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருக்கிறாயா? ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். ஆனால் இழுப்பால் மட்டும் தேர் திரும்பிவிடுமா? சக்கரத்தின் அடியில், சரியான நொடியில், சரியான கோணத்தில் முட்டுக்கட்டை கொடுக்கும் கை வேண்டும்!

உன் கடிகாரத்துக்கு அந்த முட்டுக்கட்டை எது தெரியுமா?

வெளிச்சம்! கண்ணில் விழும் வெளிச்சம்!

தூக்கம் உன் உத்தரவுக்குக் கட்டுப்படாது. வெளிச்சம் கட்டுப்படும். வெயிலில் போய் நிற்பதும், நிழலுக்குள் ஒதுங்குவதும், திரையை இழுத்து மூடுவதும் உன்னால் முடியுமா, முடியாதா? உன் வீரத்தையெல்லாம் அங்கே காட்டு!

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களை நினைத்துப் பார். 24 மணி நேரத்தில் 16 முறை சூரியன் உதிக்கிறது அவர்களுக்கு. எந்த உதயத்தை நம்பி எழுவது? அவர்கள் உலகப் பொது நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன்படியே விளக்கை ஏற்றி, அதன்படியே அணைத்து வாழ்கிறார்கள்.

பதினாறு சூரியன்களை அவர்கள் சமாளிக்கிறார்கள். ஒரே ஒரு சூரியன் உனக்குப் பெரிய பாடா?

வைலி போஸ்ட் என்றொரு மனிதர் இருந்தார். அவர் கதையைக் கேள்.

அமெரிக்காவின் எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர். 1926-இல் நடந்த விபத்தில் இடது கண் போனது. விமானம் ஓட்ட ஆசைப்பட்டவனுக்கு ஒரு கண் போனால் என்ன ஆகும்? ஊரே முடிவு கட்டியிருக்கும், இவன் கதை முடிந்தது என்று!

அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணுக்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் விமானம் வாங்கினார்!

1931-இல் வழிகாட்டி ஹெரால்டு காட்டியுடன் உலகைச் சுற்றினார். 8 நாள், 15 மணி, 51 நிமிடம். ஜெட் விமானம் பயணிகளை ஏற்றாத காலம் அது. ஆனால் நாளுக்கு நாள் ஊர் நேரம் மாறும், உடம்பு அதில் நொறுங்கும் என்பதை அவர் முன்பே கணித்துவிட்டார்.

கணித்துவிட்டுப் பயந்து உட்கார்ந்தாரா? புறப்படும் முன்பே, ஒரே வேளையில் தூங்கும் பழக்கத்தை வேண்டுமென்றே உடைத்துத் தன்னைப் பழக்கினார். கவனி! பயணத்துக்கு முன்பே!

1933-இல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை தன்னந்தனியாக. கையில் ஒரு ஸ்பேனர், அதைக் கயிற்றால் விரலோடு கட்டிக்கொண்டார். கண்ணயர்ந்தால் ஸ்பேனர் நழுவும், விரல் வெடுக்கென்று இழுபடும், விழிப்பு வரும். 7 நாள், 18 மணி, 49 நிமிடத்தில் சுற்றி முடித்தார்.

இடையில் அலாஸ்காவில் வழி தவறினார். தரையிறக்கும்போது விமானம் சாய்ந்து, முன்விசிறி வளைந்தது. அழுதாரா? அங்கிருந்தவர்கள் பழுது பார்க்கும் நேரத்தில் அவர் படுத்துத் தூங்கினார்! எழுந்தார், ஏறினார், பறந்தார்.

இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஸ்பேனரை இல்லை. தூக்கத்தைத் துரத்துவது உனக்கு வேண்டாத வேலை. முன்பே தயாரானாரே, கிடைத்த நேரத்தில் உறங்கினாரே, அதை எடுத்துக்கொள்!

இப்போது உன் கணக்குக்கு வருவோம். தாளும் பேனாவும் எடு. நகராதே, இது பத்து நிமிட வேலை!

சென்னையில் நீ காலை ஆறு, ஆறரைக்கு எழுகிறாயா? அப்படியானால் அதிகாலை 4 மணி வாக்கில் உன் உடல் சூடு மிகக் குறைவாக இருக்கும். அந்த 4 மணிதான் அச்சாணி. அதற்குச் சற்று முந்திய மணிகளில் வெளிச்சம் பட்டால் உன் கடிகாரம் பின்னே தள்ளிப்போகும். சற்றுப் பிந்திய மணிகளில் பட்டால் முன்னே வரும்.

இவ்வளவுதான் சூத்திரம். இதைத் தெரியாமல்தான் "காலை வெயிலில் நில், சரியாகிவிடும்" என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்! தவறான வேளையில் நின்றால் வெயில் உன்னைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

லண்டன் போகிறாயா? கோடையில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னே இருக்கிறது. உன் அச்சாணி அங்கே இரவு 11.30. கடிகாரத்தைப் பின்னே தள்ள வேண்டும். ஆகவே மாலை முழுவதும் வெளியே இரு! அங்கே கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பூங்காவில் நட, கடைவீதியில் நட, பத்து மணி வரை படுக்காதே. அதிகாலையில் விழிப்பு வந்தால் ஜன்னல் திரையைத் திறக்காதே!

சிட்னி போகிறாயா? அங்கே குளிர்காலம் என்றால் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னே. உன் அச்சாணி காலை 8.30! விடிந்ததும் கடற்கரைக்கு ஓடினால் கடிகாரம் எதிர்ப்பக்கம் போகும். முதல் நாள் காலை எட்டரை வரை கறுப்புக் கண்ணாடி போடு. அதன் பிறகு மதியம் வரை வெயிலை விடாதே! மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக, அதற்கடுத்த நாள் இன்னும் முன்னதாக.

சான் பிரான்சிஸ்கோ? கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகல் இரவாகிறது, இரவு பகலாகிறது. உன் அச்சாணி அங்கே பிற்பகல் 3.30. காலை பத்து, பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே கிட! நாலு மணிக்கு மேல் முதல் நாள் வெயிலைக் கண்ணில் வாங்காதே. அடுத்தடுத்த நாள் அந்த எல்லை ஒன்று, ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

ஏன் மேற்கே போவது எளிது, கிழக்கே போவது கடினம் என்று கேட்கிறாயா? மனிதனின் உள் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. தள்ளிப்போட அதற்குப் பிடிக்கும். முந்தி வர அதற்குச் சோம்பல். கிழக்கே போனால் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். அதை வைத்துத் திட்டம் போடு, அவசரப்படாதே!

இரண்டே நாள் வேலைக்குப் போகிறாயா? கடிகாரத்தைத் தொடாதே. முடிந்தவரை நம் ஊர் நேரத்திலேயே தூங்கி, அந்த நேரத்துக்கு ஏற்ற மாதிரி சந்திப்புகளை வைத்துக்கொண்டு திரும்பி வா. எதை எதிர்க்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அறிவதும் துணிச்சல்தான்!

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், மதியத்துக்கு மேல் வேண்டாம். விமானத்தில் மது வேண்டவே வேண்டாம். அங்கே காற்று காய்ந்து கிடக்கும், தண்ணீர் குடி. பகலில் தாங்கவில்லையா? அலாரம் வைத்து இருபது, முப்பது நிமிடம் கண்ணயர், போதும். இறங்கிய நாளிலிருந்தே அந்த ஊர் வேளைக்குச் சாப்பிடு. கல்லீரலுக்கும் தனிக் கடிகாரம் உண்டு, அது சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத்தான் திரும்பும்.

மெலட்டோனின் மாத்திரை? இருட்டில் உடம்பே சுரக்கும் பொருள்தான் அது. ஐந்து, அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்கு உதவுகிறது என்று 2002-இல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. போன ஊரில் படுக்கும் வேளையில், 0.5 முதல் 5 மில்லிகிராம் வரை. நேரம் தப்பினால் தீமைதான். வலிப்பு நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது!

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அந்த மூன்று மணி!

புது நாடு. தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீடு. தரையில் விரித்த மெத்தை. எல்லோரும் தூங்குகிறார்கள். நீ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய்.

அப்போது ஒரு பயம் வரும். "நான் இங்கே வந்திருக்கவே கூடாதோ?" "என் ஆங்கிலம் போதுமா?" "அப்பா நிலத்தை அடகு வைத்துவிட்டாரே, நான் தோற்றுவிட்டால்?"

அந்தப் பயம் உண்மை பேசுகிறது என்று நம்பிவிடாதே!

கோடையில் கலிபோர்னியாவில் விடியற்காலை மூன்று மணி என்றால் நம் வீட்டில் பிற்பகல் மூன்றரை. அம்மா அடுப்பில் பால் வைத்திருப்பாள். உன் உடம்பு கேட்பது அந்தக் காபியை! உனக்குத் திறமை இல்லை என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை!

தூக்கம் கெட்ட மூளை சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும். நேற்று வகுப்பில் புரியாத ஒரு வாக்கியம், மலையாக வந்து மார்பில் உட்காரும். அது மலையா? விடியட்டும், பார்!

ஆகவே இது சட்டம். இரவு மூன்று மணிக்கு எந்த முடிவும் எடுக்காதே! திரும்பும் டிக்கெட்டின் விலை பார்க்காதே! ராஜினாமா மெயிலைத் திறக்காதே! "இந்தப் படிப்பு எனக்குச் சரிவராது" என்று யாருக்கும் மெசேஜ் போடாதே!

கால் மணி நேரமாகத் தூக்கம் வரவில்லையா? எழுந்துவிடு. மங்கிய விளக்கில் ஒரு புத்தகம் படி. அம்மாவோடு பேச வேண்டுமா? பேசு! திரையை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் கேள். கண் அயரும்போது மறுபடி படு.

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால் தயங்காமல் மருத்துவரைப் பார். பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உதவி கேட்பவன் கோழையா? கேட்காமல் உள்ளுக்குள் புழுங்குபவனைவிட அவனுக்குத்தான் நெஞ்சுரம் அதிகம்!

சரி, திட்டம் போட்டாய். முதல் நாளே தவறிவிட்டது. "ஐந்து நிமிடம்" என்று மதியம் சாய்ந்தாய், கண் திறந்தால் இரவு எட்டு மணி!

தோற்றுவிட்டாயா? ஒரு நாள் தவறினால் ஒரு நாள்தான் தவறியது! தவறியது தவறியதுதான் என்று மறுநாளையும் அதோடு சேர்த்துப் புதைக்கிறாயே, அதுதான் தோல்வி!

நாளை காலை அலாரம் வை. குறித்த வேளையில் வெளியே போ. கால் தள்ளாடுகிறதா? தள்ளாடிக்கொண்டே நட!

ஒன்றில் மட்டும் வீரம் காட்டாதே. இறங்கிய கையோடு வாடகைக் கார் எடுத்து நெடுஞ்சாலையில் ஓட்டாதே! கண் சொருகும் ஒரு நொடியில் உன் உயிர் மட்டுமா போகும்? எதிரே வரும் குடும்பத்தின் உயிரும் போகும். பஸ் ஏறு, நண்பனைக் கூப்பிடு, காசு கொடுத்து டாக்ஸியில் போ.

அடுத்து, மகள் பிரசவத்துக்காகப் போகும் அம்மா, அப்பாக்களே! உங்களிடமும் பேச வேண்டும்.

"வயதாகிவிட்டது, எங்களுக்கெல்லாம் ஒரு மாதம் ஆகும்" என்று சோபாவில் சுருண்டுகொள்கிறீர்களே, நியாயமா?

வயது தடைதான், மறுக்கவில்லை. 1938-இல் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் நதானியேல் கிளீட்மன் என்ற பேராசிரியரும் அவர் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் 32 நாள் தங்கினார்கள். நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார்கள். மாணவரின் உடம்பு பழகியது. நாற்பதைத் தாண்டிய பேராசிரியரின் உடம்பு அசையவே இல்லை.

ஆனால் அது வெயில் நுழையாத குகை! அவர்கள் கேட்டது இயற்கையில் இல்லாத 28 மணி நாள்! உங்களுக்கு இருப்பது அதே 24 மணி நாள், வாசலைத் திறந்தால் வெயில். பிறகு என்ன தயக்கம்?

நியூ ஜெர்சியில் கோடைக் காலத்தில் மதியத்திலிருந்து மாலை ஆறரை வரை, முதல் நாளில், வெளியே நடங்கள். யாரும் தெருவில் இல்லையே என்று கூச்சப்படாதீர்கள். புடவையோடு நடங்கள், வேட்டியோடு நடங்கள்! விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். இன்சுலின் போடுபவர்கள், பயணத்தன்று எத்தனை மணிக்கு எவ்வளவு என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பச்சிளம் குழந்தை இரவில் அழும்போது எப்படியும் விழிக்கத்தானே போகிறீர்கள்? முதல் வாரத்து இரவுக் காவலை நீங்களே கேட்டு வாங்குங்கள். மகள் தூங்கட்டும்!

ஊர் திரும்பும்போதும் இதே கணக்குதான். "வந்தாச்சே, இனி என்ன" என்று பத்து நாள் பகலில் தூங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் நீ எழுந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழி. அதை நம் ஊர் நேரமாக மாற்று. அச்சாணி கிடைத்துவிட்டதா? வெயில் எப்போது, நிழல் எப்போது என்று அதிலிருந்து குறி!

டிக்கெட் எடுத்தாகிவிட்டதா? இன்னும் மூன்று நாள் இருக்கிறதா?

மேற்கே போகிறாய் என்றால் இன்றிரவு ஒரு மணி நேரம் தள்ளிப் படு, நாளை இரண்டு மணி நேரம். கிழக்கே போகிறாய் என்றால் இன்றே ஒரு மணி நேரம் முன்னதாகப் படு, முன்னதாக எழு. தாளை எடுத்து அந்த ஊரின் அச்சாணி நேரத்தை எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வை. எழுதிவிட்டுப் போய் அலாரத்தை மாற்று!